பொட்டு தெரியாத ஆச்சி: திருகோணமலைத் தெருவில் கறுப்பு வெள்ளை முகங்கள்

முதியவர் ஒருவரை அவர் கவனிக்காத நேரத்தில் தெருவில் வைத்துப் படம் எடுத்து, நிறத்தை நீக்கி, கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான மாறுபாட்டைக் கூட்டிவிட்டால் சாதாரணப் படமும் கனமான படம்போலத் தோன்றத் தொடங்கிவிடும். சுருக்கங்கள் கறுக்கும். நரைமயிர் ஒளிரும். பின்னால் தொங்கும் கடைப் பலகையின் மஞ்சளும் சிவப்பும் கண்ணை இழுக்காமல் அடங்கிப்போகும். திருகோணமலையில் கமராவும் கையுமாகத் திரியும் இளையவர்கள் பலர் இந்த வாசலால்தான் தெருப் படங்களுக்குள் நுழைகிறார்கள். சந்தையில் வெற்றிலை மெல்லும் ஆச்சி, பஸ் நிலையத்தில் லொத்தர் சீட்டு விற்கும் ஐயா, கோணேசர் கோவில் ஏற்றத்தில் மூச்சு வாங்கி நிற்கும் பெரியவர் என்று படங்கள் குவிகின்றன. அவற்றில் நல்லவை உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றில் வயது தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. நிறத்தை நீக்கும்போது ஒரு முகத்துக்கு என்ன நடக்கிறது, இந்த ஊரில் ஒரு முதியவரை நோக்கிக் கமராவைத் திருப்பினால் அது எதையெல்லாம் கிளறும் என்பதை விளங்கிக்கொள்ளாமல் எடுப்பதால் வருகிற குறை அது.

இன்று எழுபதைத் தாண்டிய ஒருவருடைய வாழ்க்கைக்குள் கறுப்பு வெள்ளைப் படம் அழகுக்காக வந்ததில்லை. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972இல் தேசிய அடையாள அட்டை வழங்கத் தொடங்கினார்கள். அந்த அட்டைக்காகத்தான் எத்தனையோ பேர் ஸ்ரூடியோப் படியேறினார்கள். நேராகப் பார், நாடியைக் கொஞ்சம் உயர்த்து, சிரிக்காதே. பிறகு போர்க்காலத்தில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டிறங்கி, வரிசையில் நின்று நீட்டியதும் அதே சிறு சதுரப் படத்தைத்தான். அட்டையில் இருக்கிற முகமும் எதிரில் நிற்கிற முகமும் ஒத்துப்போகின்றனவா என்று துவக்கோடு நிற்பவர் பார்த்து முடிக்கும்வரை மூச்சு நின்றிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒரு முதியவரின் தனிமுகப் படம் ஊர் பார்க்க வெளியில் வருவது பெரும்பாலும் அவர் போன பிறகுதான். பத்திரிகையில் மரண அறிவித்தல், சந்தியில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி, 31ஆம் நாளில் வெளியிடும் கல்வெட்டு என்ற நினைவு நூல் எல்லாவற்றிலும் ஒரே படம் இருக்கும். 1983, 1990, 2006 என்று அடுத்தடுத்து வந்த இடப்பெயர்வுகளிலும் 2004 டிசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையிலும் அல்பங்களைத் தொலைத்த வீடுகளில், அடையாள அட்டைப் படத்தையே பெருப்பித்து மாலை போட்டிருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017இலிருந்து வடக்கு கிழக்கில் தொடர்ந்து நடத்திவரும் போராட்டங்களில் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பதும் முகப் படங்களைத்தான். பிடித்திருக்கும் கைகள் இப்போது முதியவர்களின் கைகள்.

ஆகவே “என்னத்துக்குத் தம்பி என்னைப் படம் எடுக்கிறாய்? பேப்பரில போடவோ?” என்று ஒரு ஐயா கேட்டால் அதை வெறும் வெட்கமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இத்தனையும் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன.

இனி நிறத்துக்கு வருவோம். இந்த விடயத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுகிற பகுதி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சாதாரண வண்ணக் கமராவில் ஒளியைப் பதியும் உணரியில் பாதிப் புள்ளிகள் பச்சை ஒளியையும், கால்வாசி சிவப்பையும், மீதிக் கால்வாசி நீலத்தையும் வாங்குகின்றன. கறுப்பு வெள்ளை ஆக்குவது என்றால் இந்த மூன்றையும் ஏதோ ஒரு விகிதத்தில் கலந்து ஒரே சாம்பல் அளவாக்குவது. அந்த விகிதம் மாறினால் முகம் மாறும். தோலுக்கு நிறம் தரும் மெலனினும் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினும் நீல ஒளியை நன்றாக உறிஞ்சுகின்றன. சிவப்பை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. சிவப்பைக் கூட்டிக் கலந்தால் தோல் வெளுத்து வழவழப்பாகும். கரும்புள்ளிகள் மங்கும். நீலத்தைக் கூட்டினால் ஒவ்வொரு தழும்பும் புள்ளியும் எழுந்து நிற்கும். சுருக்கத்தைக் காட்ட ஆசைப்படுகிறவர் நீலத்தையும் பச்சையையும் ஏற்றி, அதன்மேல் கூர்மையையும் கூட்டுவார். ஆனால் மெலனின் கூடிய தோலில் வெயிலால் வரும் மென்சுருக்கங்கள் வெளிறிய தோலைவிடப் பிந்தியே தோன்றும். எங்கள் ஆட்களின் கன்னத்தில் நெருக்கமாக ஓடும் கோடுகளைப் படமொன்றில் கண்டால், முதலில் மென்பொருளைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சுருக்கத்தைவிடப் பெரிய சிக்கல் பொட்டு. குங்குமப் பொட்டு வைத்த ஒரு ஆச்சியின் படத்தை எடுத்து, தோல் வெளிச்சமாக வரட்டும் என்று சிவப்பை ஏற்றிக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். குங்குமம் சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்புகிறது. மாநிற நெற்றி அதைவிடக் குறைவாக அனுப்புகிறது. விளைவாகப் பொட்டு நெற்றியோடு கலந்துவிடும், அல்லது நெற்றியைவிட வெளிறிப்போய் ஒரு மங்கலான தழும்புபோல் நிற்கும். கழுத்தில் தாலிக்கொடி சேலைக்குள் இருந்தால், படம் பார்க்கிற தமிழர் ஒருவர் என்ன முடிவுக்கு வருவார் என்று சொல்லத் தேவையில்லை. புருஷன் உயிரோடு வீட்டில் இருக்க, ஒரு மென்பொருள் அந்த அம்மாவின் நெற்றியை வெறுமையாக்கிவிட்டது. பொட்டை வைத்து ஒரு பெண்ணின் நிலையை அளக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடானது இல்லை. அதற்காக அந்த அம்மா தானாகத் தெரிந்து வைத்துக்கொண்ட ஒன்றை, கேட்காமல் அழிக்கிற உரிமை படம் எடுப்பவருக்கு வந்துவிடாது. அவருடைய பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்க்கும்போது என்ன நினைப்பார்கள்?

கிண்ணியாவிலும் மூதூரிலும் தாடிக்கு மருதோன்றி பூசும் பெரியவர்களைக் காணலாம். அந்தச் செம்மஞ்சள் தாடி சிவப்பு ஏற்றிய கலவையில் வெள்ளைத் தாடியாகும். நீலம் ஏற்றிய கலவையில் கறுத்த தாடியாகி அவரைப் பத்துப் பதினைந்து வயது குறைத்துக் காட்டும். இரண்டும் பொய். வெற்றிலை போட்ட வாயும் இப்படித்தான். நீலமும் பச்சையும் ஓங்கினால் உதடும் பல்லும் கரி பூசியதுபோல இருண்டு, இடித்த வெற்றிலையை ஆறுதலாக மென்றுகொண்டிருந்த கிழவி நோயாளிபோலத் தெரிவார். இவ்வளவு தூரம் போகாத ஒரு நடுவழி உண்டு. மனிதக் கண் வெளிச்சத்தை உணரும் விதத்தை ஒட்டித் தொலைக்காட்சித் தொழில்நுட்பத்தில் நெடுங்காலம் பயன்பட்ட விகிதம் சிவப்பு 30, பச்சை 59, நீலம் 11 வீதம். இந்தக் கலவையில் குங்குமம் நெற்றியைவிடக் கறுப்பாக, பொட்டாகவே நிற்கும். கை வைக்கிறதென்றால் அங்கிருந்து தொடங்கி, முதலில் பொட்டைப் பார்த்து, பிறகு உதட்டைப் பார்த்து, கடைசியாகத் தோலைச் சரிசெய்வது நல்லது.

பழைய படங்களைப் பார்க்கும்போதும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் ஒளிப்படத் தகடுகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய நீல ஒளியை மட்டுமே உணர்ந்தவை. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் கடைக்கு வந்தது 1906இல். அதற்கு முன்னர் இலங்கையில் எடுக்கப்பட்ட முகங்கள் எல்லாம் உள்ளதைவிடக் கறுப்பாக, தழும்பும் புள்ளியும் உள்ளதைவிட அழுத்தமாகப் பதிவானவை. அந்தக் காலத்து அஞ்சலட்டைகளில் பெயரில்லாமல் “தமிழ்ப் பெண்”, “தமிழ்க் கூலி” என்று அச்சடித்து விற்கப்பட்ட முகங்களை அப்படியே எங்கள் மூதாதையரின் தோற்றம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அவர்கள்மேல் இரண்டு வடிகட்டிகள் இருக்கின்றன. ஒன்று வேதியியல், மற்றது எடுத்தவரின் பார்வை.

வெளிச்சத்தில் திருகோணமலைக்கு ஒரு தனி வசதி உண்டு. நகரம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தில் இருக்கிறது. கிழக்கே திறந்த கடல், மேற்கே உட்துறைமுகம். காலை 6 மணியை ஒட்டி டச் பே கடற்கரையில் நின்றால் வெளிச்சம் தண்ணீர்மேல் பட்டுத் தாழ்வாக, முகத்துக்கு நேராக வரும். நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிறவர்களில் வயதானவர்களைப் படம் எடுக்க ஏற்ற நேரம் அது. கயிற்றைப் பிடித்துச் சாய்ந்த உடம்பும் கையும் முகமும் ஒன்றாகத் தெரியும். மாலையில் உட்துறைமுக வீதிப் பக்கம் அதே வெளிச்சம் மறுபுறமிருந்து வரும். நடுப்பகல் வேறு கதை. இந்த ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய எட்டரைப் பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கும். புருவத்துக்குக் கீழே இரண்டு கருங்குழிகள்தான் மிஞ்சும். வயதானவர்களின் கண் ஏற்கெனவே உள்வாங்கியிருக்கும். அந்த வெயிலில் எடுத்தால் கண்ணே இல்லாத முகமாகிவிடும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வானம் வெளிறி, வெயில் முகத்தில் அடிக்கும். எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நடப்பார்கள். கடலோடு வாழ்ந்தவர்களுக்கு ஆண்டுக்கணக்கான வெயிலால் கண்வெள்ளையில் சதை வளர்ந்திருப்பதும் சாதாரணம். அந்தச் சுருங்கிய பார்வையைக் “கோபம்” என்றும் “வைராக்கியம்” என்றும் தலைப்புப் போட்டு வெளியிடுகிறார்கள். அவருக்குக் கண் கூசுகிறது, அவ்வளவுதான். மாரியில், நவம்பரிலிருந்து ஜனவரிவரை, மேகம் மூடிய பகல்களில் நிழல் கரைந்து கண் திறக்கும். மழை விட்ட இடைவெளியில் கடை விறாந்தையில் ஒதுங்கி நிற்கும் பெரியவர்கள் தாங்களாகவே தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வருடத்தில் முதியவர் முகங்களுக்கு இதைவிட நல்ல காலம் இந்த ஊரில் இல்லை.

கறுத்த முகம், வெள்ளைத் தலை, வெள்ளை வேட்டி, பின்னால் பளிச்சென்ற மணல். வெளிச்சத்தை அளக்கும் கமராவின் ஒளிமானி, படச் சட்டத்துக்குள் இருப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக் கணக்குப் போடும். வெள்ளை கூடினால் அது எல்லாவற்றையும் இருட்டாக்கும். முதலில் காணாமல் போவது முகம். முகம் தெரியக் கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விட்டால் நரைமயிரும் தாடியும் வெந்து வெறும் வெள்ளைத் திட்டாகும், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இதற்கு வெயிலும் நிழலும் சந்திக்கும் இடத்துக்கு உள்ளே, நிழல் பக்கமாக ஆள் இருக்கும்போது எடுப்பதே சுலபம். கடைத் தாழ்வாரத்தின் விளிம்பில் தெருவிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் முகத்தைக் கீழிருந்தும் தொடும். கண்குழியும் நாடிக்கீழும் திறக்கும்.

தூரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 35 மில்லிமீற்றர் வில்லையின் ஒளித்துவாரத்தை எஃப் 8 அளவில் வைத்து, குவியத்தை 3 மீற்றரில் நிறுத்தினால், பழைய 35 மில்லிமீற்றர் பிலிம் அளவு உணரி உள்ள முழுச்சட்டக் கமராவில் ஏறக்குறைய 2 மீற்றரிலிருந்து 7 மீற்றர்வரை தெளிவாக வரும். குவியம் தேடாமல் எடுக்கலாம். கைத்தொலைபேசியின் பிரதான வில்லை இதைவிட அகலமானது. முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் மூக்குப் பெருத்துக் காது பின்னால் போகும். இரண்டடி பின்னால் நில்லுங்கள். அந்தத் தூரத்தில் கையும் சட்டத்துக்குள் வரும். பாக்குவெட்டி பிடித்த கை, வலைக்கண் கோர்க்கிற கை, கச்சான் சுருளை மடிக்கிற கை. முகத்தை மட்டும் நெருக்கி வெட்டிய படத்தைவிடக் கை தெரிகிற படத்தில் மனிதர் கூடுதலாக இருக்கிறார்.

மறைந்து எடுப்பது இந்தக் கலையின் பிறப்போடு வந்தது. 1916இல் நியூயோர்க்கில் போல் ஸ்ட்ராண்ட், தன் கமராவின் பக்கவாட்டில் ஒரு போலி வில்லையைப் பொருத்தி, வேறெங்கோ பார்ப்பதாகக் காட்டிக்கொண்டு தெருவில் இருந்தவர்களை நெருக்கமாக எடுத்தார். கழுத்தில் “குருடு” என்ற அட்டை தொங்க நிற்கும் பெண்ணின் புகழ்பெற்ற படம் அப்படி வந்ததுதான். 1938க்கும் 1941க்கும் இடையில் வோக்கர் எவன்ஸ் தன் மேலங்கிக்குள் கமராவை ஒளித்து நிலத்தடி ரயில் பயணிகளை எடுத்தார்; அவை நூலாக வந்தது 1966இல்தான். கால் நூற்றாண்டு காத்திருந்ததில் ஒரு மரியாதை இருக்கிறது. பின்னர் பிலிப் லோர்க்கா டிகோர்ஸியா அதே நகரத்தில் வழிப்போக்கர்களை அவர்கள் அறியாமல் எடுத்துக் காட்சிப்படுத்தியபோது, அதில் தன் முகத்தைக் கண்ட ஒரு முதிய யூதர் தன் சமய நம்பிக்கைக்கு அது விரோதம் என்று வழக்குப் போட்டார். 2006இல் அந்த வழக்குத் தள்ளுபடியானது. படம் கலை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இலங்கையில், அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனியுரிமை தனியொரு உரிமையாக எழுதப்பட்டிருக்கவில்லை. சட்டம் தடுக்கவில்லை என்பது எனக்குப் போதுமான பதிலாக இல்லை.

ஏனென்றால் திருகோணமலை நியூயோர்க் இல்லை. கோட்டைக்குள் இன்றும் இராணுவம் இருக்கிறது. துறைமுகத்தின் ஒரு பகுதி கடற்படைத் தளம். கமராவைத் தூக்கினால் யாருக்காக என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். இரகசியமாகப் படம் எடுக்கப்பட்ட காலங்களைத் தாண்டி வந்த ஒரு தலைமுறையை மறுபடி இரகசியமாக எடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. முன்கூட்டியே கேட்டால் இயல்பு போய்விடும் என்கிறார்கள், அது உண்மைதான். அதற்கு வழி, கமராவைக் கழுத்தில் தெரியத் தொங்கவிட்டு ஒரே இடத்தில் நெடுநேரம் இருப்பது. தேத்தண்ணிக் கடை வாங்கிலோ மூதூர்ப் படகுத்துறையிலோ அரைமணி நேரம் இருந்தால் உங்களை மறந்துவிடுவார்கள். எடுத்த பிறகு போய்க் காட்டி, “ஐயா, இப்பிடி ஒரு படம் எடுத்தனான், வைச்சிருக்கட்டோ?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழியுங்கள். தெருவில் படுத்திருப்பவர், பிச்சை கேட்பவர், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துக்கொண்டிருப்பவர் ஆகியோரிடம் கேட்கவே வேண்டாம், எடுக்கவே வேண்டாம்.

கேட்டதும் ஒன்று நடக்கும். அந்த ஐயா சாரத்தை இறுக்கிக் கட்டுவார், சட்டையின் மேல் பொத்தானைப் போடுவார், கையை உடம்போடு ஒட்டி நேராக நிற்பார். ஸ்ரூடியோவில் கற்ற நிலை அது. இளம் படப்பிடிப்பாளர்கள் பலர் இதைக் கெட்டுப்போன தருணம் என்று நினைத்துக் கமராவை இறக்கிவிடுகிறார்கள். நான் அதை எடுப்பேன். முதல் படம் நீங்கள் கண்ட மனிதர். இரண்டாவது, அவர் தன்னை எப்படிக் காண விரும்புகிறாரோ அந்த மனிதர். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முடிந்தது.

படத்தின் கீழே என்ன எழுதுவது என்பதில் இந்தத் தீவிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. பிரித்தானியாவில் பெயர்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தார். களுத்துறையில் அவர் எடுத்த ஒரு குழுப் படத்தின் குறிப்பில், சிறுமிக்கு வயது 12 என்றும், கிழவர் தன்னை அவளுடைய தகப்பன் என்றும் நூறு வயது என்றும் சொல்லிக்கொள்கிறார் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஒருவருடைய பெயரும் இல்லை. அந்தப் பெரியவர் பேசியிருக்கிறார், கமரன் கேட்டிருக்கிறார். பெயரை மட்டும் கேட்கவில்லை, அல்லது கேட்டும் எழுதத் தோன்றவில்லை. “முதுமை”, “வறுமை”, “காத்திருப்பு” என்று இன்று நாங்கள் போடும் தலைப்புகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. பெயரை வெளியிட அவர் விரும்பாவிட்டால் இடத்தையும் மாதத்தையும் அவர் செய்துகொண்டிருந்த வேலையையும் எழுதலாம். “கருவாடு காயவைக்கிறார், உப்புவெளி, பெப்ரவரி” என்பது போதும்.

கடைசியாக, படத்தைக் கொடுப்பது. ஆறுக்கு நாலு அங்குல அச்சுக்கு 1800க்கு 1200 புள்ளிகள் போதும், செலவும் பெரிதில்லை. கறுப்பு வெள்ளையோடு வண்ணப் படத்தையும் அச்சடித்துக் கொடுங்கள். பெரும்பாலான வீடுகளில் வண்ணத்தைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள், அது அவர்களுடைய உரிமை. உப்புக்காற்றும் ஈரமும் உள்ள ஊரில் கண்ணாடியோடு ஒட்டிச் சட்டம் போட்டால் நாளடைவில் படம் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். இடையில் மட்டை வைக்கச் சொல்லிவிடுங்கள். நிமிர்ந்து நின்ற அந்த இரண்டாவது படத்தின் முழுக் கோப்பையும் பிள்ளைகளில் ஒருவருக்கு அனுப்பி வைப்பது அவசியம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிக்க வேண்டிய நிலை அந்த வீட்டுக்கு வராது.